கொறற்றி அக்காவும் மூன்று டிஸ்குகளும்

கொறற்றி அக்கா காலமான செய்தி எனக்குக் கனடாவிலிருந்து வந்தது. அவர் கண்மூடிய முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்கும் நான் கணினி திருத்துகிற கடைக்கும் இடையில், வாயில் போட்ட வெற்றிலை சிவக்கிற தூரம்கூட இல்லை. ஆனாலும் அந்தச் செய்தி இரண்டு சமுத்திரங்களைச் சுற்றி, பனியில் நனைந்து, அவருடைய மகன் றெஜியின் குரலில்தான் என்னிடம் வந்து சேர்ந்தது.

"மாமா, அம்மா போட்டா."

பிறகு அவனே தொடர்ந்தான்: "எனக்கு வர ஏலாது மாமா. இங்கத்தை வதிவிடப் பேப்பர் இன்னும் கைக்கு வரேல்ல. போனில சேத்து வைச்சிருந்த அம்மான்ர கதையெல்லாம் பழுதாப்போன அந்தப் பழைய போனோட போயிட்டுது. அங்க எங்கயாவது அவான்ர குரல் இருக்கே?"

இந்த ஊரின் குரல்களையெல்லாம் காத்து வைத்திருந்த வீட்டிலா இல்லாமல் போகும் என்று சொல்ல வாய் திறந்தேன், மூடிக்கொண்டேன். அக்கா தனக்கென்று ஓர் ஒலிநாடாக் கசற்கூடப் பேசி வைத்தவரல்ல. "ரேப்பை எனக்கு ஏன் வீணாக்க வேணும்?" என்பார். "பாக்கிறன் மகன்" என்று மட்டும் சொன்னேன். அண்டசராசரத்தையும் ஒரு மூச்சில் புளுகக்கூடிய எனக்கு அன்று அவ்வளவுதான் வந்தது.

அவரை அறிந்த உங்களுக்கு இது தெரியும். அறியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். வன்னியில் தொலைபேசி இல்லாத காலத்தில், எழுதத் தெரியாதவர்களும், எழுதியும் மனம் ஆறாதவர்களும், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கசற்றில் பேசி அனுப்புவார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கான இடம் அக்காவின் வீடு. போர்க்காலத் தடையால் பற்றரி கிடையாத நாட்கள். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவால்தான் ரேப் றெக்கோடர் ஓட வேண்டும். அந்த மாபெரும் மின்நிலையத்தின் தலைமைப் பொறியியலாளரும் ஒரே தொழிலாளியும் அடியேன்தான். செயின் சத்தம் ரேப்பில் விழும் என்று என்னை முற்றத்து மரத்தடிக்குத் துரத்திவிட்டு, வயரை யன்னலால் உள்ளே இழுத்துக்கொள்வார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பெடலை உழக்கிய உழக்குக்குச் சந்திரனுக்குப் போய், அங்கே தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். பல வருடங்களின் பின் அக்கா சொன்னார்: "நீ களைச்சு ரேப் மெல்ல ஓடின இடமெல்லாம், இப்ப போட்டுக் கேக்க, கிழவர்மார் குருவி மாதிரிக் கீச்சிடினம், தம்பி."

பேசியவர்கள் ஒவ்வொருவராய்க் கண்மூடிய பிறகு, வெளிநாட்டுப் பிள்ளைகள் அந்தக் கசற்றுகளை அக்காவுக்கே திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினார். ஒருநாள் கடைக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "இதுகள் துலையக்கூடாது. சண்டையில ஓடேக்க ஒருக்கா எல்லாம் துலைஞ்சது போதும். வழி சொல்லு."

வழியா? நான் கடலையே திறந்துவிட்டேன். வீட்டில் ஒரு சின்னக் கணினிப் பெட்டி, அதில் பல டிஸ்குகள், அவற்றை மென்பொருளாலேயே ஒன்றாகக் கட்டுகிற றெயிட் முறை. அதிலும் ஐந்தாம் வகையே அரச வகை என்று அடித்துச் சொன்னேன். நான்கு டிஸ்க் போட்டால் மூன்று டிஸ்கின் இடம் கிடைக்கும், எந்த ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் கணக்குப் போட்டு அதை உயிர்ப்பிக்கும், உலகம் அழிந்தாலும் அக்காவின் பெட்டி தனியே நின்று பாடும் என்றேன்.

அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "ஓட வேண்டி வந்து, நாலில ஒண்டைத்தான் தூக்க முடிஞ்சுதெண்டு வை. அந்த ஒண்டில என்ன கேக்கும்?"

"ஒண்டும் கேக்காது அக்கா. எல்லாம் துண்டு துண்டாத்தான் கிடக்கும். ஆகக் குறைஞ்சது மூண்டு வேணும்."

"அப்ப எனக்கு அது வேண்டாம்."

"இனி எங்க அக்கா ஓடப்போறம்?"

"நீ முந்தியும் இதைத்தான் சொன்னனீ."

கண்ணாடி முறை என்று முடிவாயிற்று. எல்லா டிஸ்கிலும் எல்லாமே இருக்கும்; எதைக் கழற்றி எந்தக் கணினியில் செருகினாலும் தனியே பேசும். மூன்று டிஸ்க் வாங்கி ஒன்றின் இடத்தை மட்டும் பெறுவது என் கண்ணுக்கு மகாபாதகமாகத் தெரிந்தது. ஆனாலும் ஒரு விடயத்தில் என் சொல் நின்றது: மூன்றையும் ஒரே கடையில் வாங்கக்கூடாது. "ஒரே தொகுதியில செய்தது ஒரே கிழமையில சாகும் அக்கா" என்றேன். அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "சரி, மூண்டு ஊரில வாங்கு" என்றார். வவுனியாவில் ஒன்று, கிளிநொச்சியில் ஒன்று, என் கடையில் ஒன்று.

பெட்டியைப் பூட்டி, ஆங்கில மன்னர்களுக்கு முடிசூட்டுகிற கம்பீரத்தோடு சுவிச்சைப் போட்டேன். ஒரு மாதம் கழித்துப் போனால் உள்ளே இரண்டு டிஸ்க்தான் இருக்கிறது. மூன்றாவதைத் துவாயில் சுற்றி, பால்மாத் தகர ரின்னுக்குள் வைத்து, பஸ்ஸில் செட்டிகுளத்துக்குக் கொண்டுபோய்த் தங்கை திரேசம்மாவின் அலுமாரியில் வைத்துவிட்டார். மாதத்துக்கு ஒருமுறை அதைக் கொண்டுவந்து பெட்டியில் போடுவார். அது புதியவற்றையெல்லாம் கேட்டு நிரப்பிக்கொண்டதும் இன்னொன்றைக் கழற்றி அனுப்புவார்.

எங்கள் தொழிலில் அது பெரும் அபசாரம். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் உறுப்பினர் மூவர், இருப்பவர் இருவர், ஒருவரைக் காணவில்லை என்று எச்சரிக்கை வரும். தனியாக ஒரு பிரதி எடுத்து அனுப்பலாம், பெட்டிக்கு இரண்டு டிஸ்க்தான் என்று சொல்லிவிட்டால் இந்த ஒப்பாரி நிற்கும் என்றேன்.

"காணேல்லை எண்டே கிடக்கட்டும்" என்றார் அக்கா. "காணேல்லை எண்டதுகளில, எங்க இருக்கெண்டு எனக்குத் தெரிஞ்சது இது ஒண்டுதான்."

போரில் காணாமல் போனவர்களை இன்னும் தேடுகிற ஊர் எங்களது; நான் கணினியை மூடிவிட்டு எழும்பினேன். அந்த எச்சரிக்கை கடைசிவரை அப்படியே வந்துகொண்டிருந்தது.

போன மாரிக்கு முந்திய மாரியில் ஒருநாள், மத்தியானச் சோற்றுக் கோப்பையோடு இருந்தபோது போன் அடித்தது. அக்காதான். "தம்பி, சின்னத்துரையரை அழிச்சுப்போட்டன்." கணினியில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும்போது அந்த மனிதரின் கசற் முழுவதும் போய்விட்டது; அவருடைய பழைய ரேப்போ கணினியில் ஏற்றிய அன்றே சிக்கி அறுந்திருந்தது. ஆண்டுத் திவசத்துக்குத் தகப்பனின் குரலை அனுப்பும்படி பிரான்ஸிலிருந்து மகள் கேட்டிருந்தாள்.

சோற்றை விட்டு எழும்பி, உலக மேடையில் ஏறினேன். "கண்ணாடிக்கு முன்னால நிண்டு மொட்டை அடிச்சா, கண்ணாடிக்குள்ள நிக்கிறவனுக்கும் மொட்டைதான் அக்கா. டிஸ்க் செத்தாத்தான் உது காப்பாத்தும். நீங்கள் அழிச்சா ரண்டும் சேர்ந்து அழிக்கும்."

"விளங்குது. செட்டிகுளத்தில இருக்கிறவனுக்குத் தலைமயிர் இருக்குத்தானே?"

அடுத்த பஸ்ஸுக்கே புறப்பட்டுவிட்டார். எனக்கோ அப்போதுதான் ஒன்று உறைத்தது. வழக்கம்போல அதைக் கொண்டுவந்து பெட்டியில் செருகினால், உள்ளே இருக்கிற இரண்டு மொட்டைகளும் சேர்ந்து மூன்றாவதையும் வழித்துவிடும். போனை அவர் எடுக்கவில்லை. மறுநாள் பின்னேரம் பஸ் நிலையத்தில் மோட்டார் சைக்கிளை ரோட்டுக்குக் குறுக்கே விட்டு, இறங்கிய சனத்தையெல்லாம் விலக்கிக்கொண்டு கத்தினேன்: "அக்கா, அதைப் பெட்டியில போட்டிடாதேங்கோ!" வெடிகுண்டைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்து இரண்டு பேர் திரும்ப பஸ்ஸுக்குள் ஏறினார்கள். அக்கா ரின்னை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். "சரியடா, ஊரைக் கூட்டாதை. உன்ர கையிலதான் தரவேணும் எண்டு இறங்கினனான்."

என் கடைக் கணினியில் அதைத் தனியே செருகினோம். சின்னத்துரையர் இருமிவிட்டுப் பேசத் தொடங்கினார். அக்கா கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் திரேசம்மா அதே ரின்னை என்னிடம் கொண்டுவந்து தந்தார். "அக்கா தன்ர குரலை எடுத்து வைச்சவாவே?" என்று கேட்டேன். "உனக்குத் தெரியாதே அவாவை" என்றார். ஆனாலும் றெஜிக்குப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேன். டிஸ்கைச் செருகி, ஹெட்போனை மாட்டி, முதலாவதிலிருந்து கேட்கத் தொடங்கினேன்.

யாரோ ஒரு தாய். "மகன், நாங்கள் எல்லாரும் சுகம்." அத்தோடு நின்றுவிடுகிறார். கோழி கேறுகிறது. பேச்சு இல்லை. அப்போது பின்னாலிருந்து, கிட்டத்தட்ட மூச்சளவில் ஒரு குரல்: "ஆடு குட்டி போட்டதைச் சொல்லுங்கோவன்."

"ஓம் மகன், எங்கட வெள்ளாடு ரண்டு குட்டி..." என்று தொடங்கிய அந்தத் தாயைப் பிறகு நிறுத்த முடியவில்லை.

அடுத்ததில் ஒரு கிழவர் திணறுகிறார். அதே குரல்: "கிணறு ஊறினதைச் சொல்லுங்கோ." இன்னொன்றில்: "என்ன சாப்பிட்டவர் எண்டு கேளுங்கோ." கணவனைச் சுடலையில் எரித்துவிட்டு வந்த ஒரு பெண் பேசவே முடியாமல் விம்முகிறாள். நான் வெளியே மூச்சு வாங்கி உழக்கிக்கொண்டிருந்திருப்பேன். ரேப்பைச் சிக்கனம் பிடித்த அக்கா உள்ளே சொல்கிறார்: "அழுங்கோ பிள்ளை. ரேப் கிடக்கு."

அநேகமாக எல்லாக் கசற்றிலும் அவர் இருந்தார். எல்லாவற்றையும் வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, றெஜிக்கு அனுப்பினேன்.

அவன் கூப்பிட்டபோது பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. ஆறுதலாக ஒரு பெரிய பிரசங்கம் என் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டேன்.

"அங்க பனி கொட்டுதோ எண்டு சொல்லு மகன்" என்றேன்.

"ஓம் மாமா," என்றான். "பனிதான். காருக்கு மேல முழங்கால் அளவுக்குக் கிடக்கு. அம்மாவுக்கு இதைக் காட்டேக்க, உப்பளம் மாதிரிக் கிடக்கெண்டு சொன்னவா..." அங்கிருந்து அவன் கதைத்துக்கொண்டே போனான். நான் இடையில் ஒரு சொல் சொல்லவில்லை.

டிஸ்குகளில் ஒன்று றெஜிக்குப் போகிறது. ஒன்று செட்டிகுளத்தில். ஒன்று என் கடையில் இருக்கும். பெற்றோரின் குரல் வேண்டியவர்கள் வந்து கேட்கலாம். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: பேச்சு வராமல் நிற்பவரிடம் ஓர் ஆட்டுக்குட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு வாயை மூடிக்கொண்டு இருப்பது.