வலமாகச் சுற்றிய அபராத வட்டம்

அன்று வேங்கிக்கால் மைதானத்தில் இருந்தவர்களை இன்றும் என்னால் ஒருவர் விடாமல் சொல்ல முடியும். ஓட வந்த பெண்கள், என்னையும் சேர்த்து ஏழு பேர். சென்னையிலிருந்து வந்த தலைமை நடுவர். குறித்தட்டுகளின் பக்கத்தில் இரண்டு உதவி நடுவர்கள். நேரம் குறிக்க ஒரு பி.டி. டீச்சர். என் கோச். முதலுதவிப் பெட்டியோடு ஒரு நர்ஸ். டீ கேன்காரர். வெளியூர்ப் பெண்களைக் கூட்டிவந்த வேன் டிரைவர். அவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. என் அப்பா. கீழ்பென்னாத்தூர்ப் பெண்ணின் அம்மா. மொத்தம் பதினேழு பேர்.

பயம் வந்தால் எதையாவது எண்ணுவது என் வழக்கம். ஒன்பதாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் பயத்தால்தான். கணக்குப் பரீட்சை என்றால் முதல் நாளே காய்ச்சல் வந்துவிடும். அப்பா இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, துணிக்கடையில் சேர்த்துவிட்டார். அப்படிப்பட்ட நான் பயத்லானுக்கு வந்தது எனக்கே ஆச்சரியம். வெளிநாட்டில் பனியில் சறுக்கிக்கொண்டே போய்ச் சுடுகிற விளையாட்டு அது. நம் ஊரில் பனிக்கு எங்கே போவது? நாங்கள் ஓடினோம். ஒரு கிலோமீட்டர் ஓடி, மூச்சிரைக்க ஏர் ரைபிளை எடுத்து ஐந்து கறுப்புத் தட்டுகளைச் சுட்டு விழவைக்க வேண்டும். மறுபடி ஓட்டம், மறுபடி ஐந்து, கடைசியாக ஒரு ஓட்டம். விழாத ஒவ்வொரு தட்டுக்கும் நூறு மீட்டர் அபராத வட்டம் ஒன்றைக் கூடுதலாக ஓட வேண்டும்.

ஓடுவதற்கு எனக்குத் திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை இருந்தது. விடிகாலையில் கிளம்பி, பதினான்கு கிலோமீட்டர் சுற்றிவிட்டுத்தான் கடைக்குப் போவேன். சுடுவதற்கு என் சந்தேகப் புத்தியே உதவியது. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவள் நான். குறியையும் அப்படித்தான் பார்ப்பேன். மற்றவர்கள் படபடவென்று சுட்டுவிட்டு இரண்டு மூன்று வட்டம் ஓடிக்கொண்டிருப்பார்கள். நான் நின்று நிதானமாகச் சுட்டுவிட்டு நேராகப் போய்விடுவேன். இரண்டு வருஷம் மாவட்டத்தில் முதலாவதாக வந்தது அப்படித்தான்.

அன்று நடந்தது மாநிலத் தேர்வு. முதலில் வருகிற ஒருத்தி மட்டும் தேசியப் போட்டிக்குப் போகலாம். அதற்கு முந்தின வருஷம் நான் மூன்றாவது. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். அன்று காலை வண்டியில் வரும்போது மட்டும் சொன்னார்: "இந்த தபா போவலைன்னா உட்டுடும்மா. கடையில முழுநாளும் வரச்சொல்லிக்கினு கீறாங்க." போய்த்தான் ஆக வேண்டும் என்று மட்டும் மனதில் இருந்தது.

முதல் ஐந்தும் விழுந்தன. இரண்டாவது தடவை நான்கு விழுந்தன, ஐந்தாவது நின்றுவிட்டது. நான் பதறவில்லை என்று எழுத ஆசைதான். பதறினேன். துப்பாக்கியை வைத்துவிட்டு அபராத வட்டத்துக்குள் ஓடினேன். சுண்ணாம்புத் தூளில் போட்ட வட்டம். நடுவில் ஒரு கொடிக்கம்பம். பாதி தூரம் போனபோது கீழ்பென்னாத்தூர்ப் பெண் எனக்கு நேர் எதிரில் வந்தாள். எனக்குக் கோபம் வந்தது. மலையை யாரோ எதிர்ப்பக்கமாகச் சுற்றிவந்தால் வருகிற அதே கோபம். "ஓரமா போ" என்று அதட்டினேன். பாவம், அவளும் ஒதுங்கினாள்.

கடைசி எல்லையை நான்தான் முதலில் தொட்டேன். அவள் வருவதற்குள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிக்கவே ஆரம்பித்துவிட்டேன். அப்போதுதான் நடுவர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். மைதானத்தில் எல்லாமே இடப்பக்கமாகத் திரும்பும் ஓட்டம். நான் கொடிக்கம்பத்தை வலது கைப்பக்கம் வைத்துச் சுற்றியிருக்கிறேன். எதிரில் வந்தது அவள் இல்லை, நான். தகுதி நீக்கம் என்றார்.

அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "இன்னாம்மா, கோயில சுத்தற மாதிரி சுத்திட்டியே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். டீ கேன்காரர் சும்மா இருக்கவில்லை. "தப்பு அவங்களுது சார். திருவண்ணாமலையில வந்து இடப்பக்கமா சுத்தச் சொன்னா எவன் சுத்துவான்?" என்றார் கோச்சிடம். ஒருவரும் சிரிக்கவில்லை.

கோச் போய் வட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று காட்டுகிற அம்புக்குறியை வைக்காமல் விட்டிருந்தார்கள். எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம், முப்பது நிமிஷத்துக்குள், ஆயிரம் ரூபாய் முன்பணத்தோடு. நியாயம் என்று தீர்ப்பானால் பணம் திரும்பி வரும். அப்பாவிடம் முந்நூறு இருந்தது. கோச்சிடம் இருநூறு. நடுவர் கையில் ரொக்கமாகத்தான் வாங்குவேன் என்றார். நர்ஸிடம் கேட்டேன், டீ கேன்காரரிடம் கேட்டேன், இல்லை. டிரைவர் கதவைத் திறக்கவில்லை. மிச்சம் இருந்தது கீழ்பென்னாத்தூர்ப் பெண்ணின் அம்மா மட்டும்தான். மூன்று போட்டிகளில் பார்த்துப் பழக்கம், அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"அத்த, அவசரமா ஒரு ஐந்நூறு வேணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அழுது வீங்கியிருந்திருக்கும். "வவுத்து வலியாடி? மாத்திர வாங்கணுமா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு ஆட்டல். அவர் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து மணிபர்ஸை எடுத்து மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தார்.

கடைசியாக நான் கோடு போட்ட தாளில் எழுதியது பள்ளிக்கூடத்துக்கு ஒரு லீவு லெட்டர். கோச் எழுதித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று வாங்கி நானே எழுதினேன். எழுத்து கோணியது. 'அம்பு இல்லை. எனக்குத் தெரிந்த பக்கம் ஓடினேன். வேண்டுமென்று ஓடவில்லை. தூரம் குறையவில்லை.' நான்கே வரி.

நடுவர் படித்தார். அம்புக்குறி இருக்க வேண்டிய இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்தார். பிறகு கீழ்பென்னாத்தூர்ப் பெண்ணைக் கூப்பிட்டு, இவளால் உனக்கு எவ்வளவு நஷ்டம் என்று கேட்டார். அவள் கூட்டிச் சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியப் போகிறது? "ரெண்டு மூணு தப்படி இருக்கும் சார்" என்றாள். தகுதி நீக்கம் இல்லை, எதிரில் ஓடி இடைஞ்சல் செய்ததற்காக என் நேரத்தில் இருபது விநாடி கூட்டப்படும் என்று தீர்ப்பு வந்தது. கூட்டிய பிறகும் நான் நான்கு விநாடி முன்னால் இருந்தேன். நடுவர் என் தாளை எல்லோருக்கும் கேட்கும்படி படித்துவிட்டு, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

முதலில் அத்தையிடம்தான் போனேன்.

"அந்தக் காசு இதுக்காடி வாங்கின?"

"ஆமா அத்த."

"வவுத்து வலின்னேனே. தலைய ஆட்டின."

"ஆட்டினேன். தப்புதான்."

நீட்டிய ஐந்நூறை அவர் தொடவில்லை. "இத வாங்கினா, எம்பொண்ணுக்கு எதுரா எழுதிக் குடுக்க நானே கடன் குடுத்த மாதிரி ஆயிடும். வாங்க மாட்டேன், போ." கோபமாகத்தான் சொன்னார். அதில் செல்லம் எதுவும் இல்லை.

தேசியப் போட்டிக்குப் போனேன். அந்த வருஷம் நான்காவது இடம். திரும்பி வந்ததும் ஒரு காரியம் செய்தேன். தினமும் கடை முடிந்து மைதானத்துக்குப் போய், சுண்ணாம்பு வட்டம் போட்டு, இடப்பக்கமாக நாற்பது சுற்று ஓடினேன். கால் முதலில் கேட்கவில்லை. உள்பக்கத்து முட்டி வலித்தது. மூன்று மாதத்தில் பழகிவிட்டது. விடிகாலையில் மலையை மட்டும் வலமாகவே சுற்றினேன். அதை மாற்ற எனக்குத் தைரியம் இல்லை. மறு வருஷம் வெள்ளி. அதற்கு அடுத்த வருஷம் தங்கம், அதற்கும் அடுத்த வருஷம் மறுபடி தங்கம். தங்கம் வாங்கிய இரண்டு போட்டியிலும் ஒவ்வொரு தட்டு தவறியது. வட்டத்துக்குள் கால் வைக்கும் முன் அம்பை மூன்று தடவை பார்த்தேன். அரை விநாடி போகும். போகட்டும்.

அப்பா கடையைப் பற்றிப் பிறகு பேசவில்லை. கீழ்பென்னாத்தூர்ப் பெண்ணும் அடுத்த வருஷமே தேர்வாகிவிட்டாள். அதற்குள் இரண்டு பேருக்கு இடம் என்று ஆக்கிவிட்டார்கள். இப்போது நாங்கள் ஒரே அணி, ஒரே ரயில் பெட்டி. "எங்கம்மா காசுக்கு வட்டி ஜாஸ்தி ஆயிருக்கும், பாத்துக்க" என்பாள். அத்தை ஒவ்வொரு போட்டிக்கும் வேர்க்கடலை உருண்டை கொண்டுவருவார். எல்லோருக்கும் கொடுப்பார். எனக்கும் கொடுப்பார், கடைசியாக.

கவரில் வைத்து ஒரு தடவை கொடுத்துப் பார்த்தேன். கவரை என் பையின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். போன மாதம் ஜிபேயில் போட்டேன். ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தது. இதை நினைத்துத் தூக்கம் கெட்ட நாட்கள் உண்டு. அன்றைக்கு உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால் அவர் கொடுத்திருக்க மாட்டார், நானும் தேசியப் போட்டியில் ஓடியிருக்க மாட்டேன் என்பதும் தெரியும். விடுவதாக இல்லை. அடுத்த போட்டியிலும் நீட்டுவேன். இன்றைய தேதிக்கு நான் அத்தைக்குத் தர வேண்டியது ஐந்நூறு ரூபாய்.