தகவலுக்கு நன்றி

உடுப்பிட்டி வினிபிரட்டுக்குக் கோபம் வந்தால் தெருக்கோடி வரை கேட்கும். மிஷன் பள்ளிக்கூடத்துப் பாட்டுக் குழுவில் தன் இடத்தை ரீச்சரின் மருமகளுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள் என்று சத்தம் போட்டுவிட்டு, ஒரு வருடம் பாட்டுக்கு வாய் திறக்காமல் நின்றவள் அவள். ஐம்பத்தாறு வயதிலும் அந்தக் குணம் அப்படியே இருக்கிறது. கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜரோடு சண்டை பிடித்து வேலையை விட்டு வந்தவள், குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றை வாங்கி வீட்டில் வைத்தாள். மின்சாரத்தில் ஓடுகிற பெட்டி. நூற்றிருபது முட்டை, இருபத்தொரு நாள், ஒரே சூடு. சூடு தப்பினால் எல்லாம் போச்சு.

பத்தொன்பதாம் நாள் காலை எட்டு மணிக்கு மின்சாரம் நின்றது. மாலை ஐந்துக்குத்தான் வந்தது. ஒரு முட்டையும் பொரிக்கவில்லை. நாள் கடந்தபின் ஒன்றை உடைத்துப் பார்த்தாள். சொண்டு, செட்டை, நகம் எல்லாம் வந்த குஞ்சு. உயிர் மட்டும் இல்லை. அத்தனையையும் வாழையடியில் புதைத்துவிட்டு வந்து போனைத் திறந்தால், அவள் விரும்பிப் பார்க்கும் செய்தித் தளத்தின் அறிவித்தலைச் சமூக வலைத்தளம் இப்போதுதான் ஆறுதலாகக் காட்டுகிறது: நாளை மின்தடைப்படும் இடங்கள், உடுப்பிட்டி. போட்டது போன கிழமை.

"ஆரோ ஒருத்தி கேக் வெட்டினதை நாலு தரம் காட்டத் தெரியுது, என்ரை வீட்டிலை கரண்ட் போறதைக் காட்டத் தெரியேல்லையோ!"

"உது அப்பிடித்தானப்பா," என்றார் கணவர் நேசராஜா. சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி தன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முதல் நாளே தெரிந்திருந்தால் தேவாலயச் சபையின் ஜெனரேற்றரைக் கேட்டிருப்பாள். கிழமை நாளில் அது சும்மாதான் கிடக்கிறது.

நூலகத்தில் வேலை செய்யும் துஷாந்தினியிடம் போய்க் கொட்டித் தீர்த்தாள்.

"அன்ரி, அந்தத் தளத்துக்குச் 'செய்தி ஓடை' எண்டு ஒண்டு இருக்கு, RSS எண்டுறது. இந்தச் செயலியிலை அதின்ரை முகவரியைப் போட்டு விடுங்கோ. அவை போடுறது ஒண்டும் விடாமல், போட்ட ஒழுங்கிலையே வரும். எதைக் காட்டுறது எண்டு நடுவிலை ஒருத்தரும் தீர்மானிக்க ஏலாது."

வீம்புக்குப் பதினொரு தளங்களைச் சேர்த்தாள். விடியப் பார்த்தால் முந்நூறு செய்திகள் வாசிக்கப்படாமல் கிடந்தன. மின்தடையைத் தேடப் போய்ச் சினிமாவுக்குள் மாட்டிக்கொண்டாள். தன்னையே ஏசிக்கொண்டு எல்லாவற்றையும் அழித்தாள். இரண்டே இரண்டை வைத்தாள்: அந்தத் தளத்தின் மின்தடைப் பகுதிக்கென்று தனியாக இருந்த ஓடை, கோழி வளர்ப்புப் பக்கம் ஒன்று.

அடுத்த முறை முட்டை அடைவைத்த பதினேழாம் நாள் பின்னேரம் நாலு மணிக்கு ஓடையில் ஒரு வரி வந்தது. நாளை, உடுப்பிட்டி, எட்டிலிருந்து ஐந்து வரை. ஆறு மணிக்கு ஜெனரேற்றர் முற்றத்தில் நின்றது. அந்த முறை நூற்றிமூன்று குஞ்சு பொரித்தது.

குஞ்சுகளின் கீச்சொலிக்கு நடுவே, சமூக வலைத்தளத்துக் கணக்கை அழிக்க உட்கார்ந்தாள். அழிக்கமுன் அந்தப் பழைய அறிவித்தலின் கீழே சூடாக நாலு சொல் எழுத ஆசை. தேடி எடுத்தாள். அங்கே ஏற்கெனவே ஒருவர் எழுதியிருந்தார்.

நேசராஜா. "தகவலுக்கு நன்றி." மின்தடைக்கு முதல் நாள், பின்னேரம் ஆறு மணி.

வினிபிரட்டின் குரல் உயரவில்லை. நேசராஜா பயந்ததே அதனால்தான்.

"முன்பின் தெரியாதவனுக்கு நன்றி சொல்லியிருக்கிறியள். அடுப்படியிலை நிண்ட எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"நான் வாசிக்கேல்லையப்பா. எல்லாத்துக்கும் அப்பிடித்தான் போடுறனான்."

இத்தனை நாளும் ஒரு இயந்திரத்தோடு கோபித்துக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. இயந்திரத்துக்கு அவளை யாரென்று தெரியாது. இந்த மனிதனுக்கு முப்பத்தொரு வருடமாகத் தெரியும்.

அன்று பின்னேரம் நேசராஜாவுக்குத் தேத்தண்ணீர் வரவில்லை. அவரும் கேட்கவில்லை. இருட்டுகிற நேரம் எழும்பி, குஞ்சுப் பெட்டியடிக்கு வந்து நின்றார்.

"இஞ்சேரும், நாளைக்கு மழையாம்."

குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தகவலுக்கு நன்றி," என்றாள்.