பெயர் வேண்டாம் என்றேன்

எங்கள் தொழிலில் பெயர் என்றாலே வினைதான். புரோகிராமில் எந்த வரியை யார் மாற்றினாலும் அவர் பெயர் அந்த வரியோடு ஒட்டிக்கொள்ளும். மெஷின் ஓடுகிற வரைக்கும் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்றுவிட்டதோ, முதலில் பெயரைத்தான் தேடுவார்கள். மாக் மண்டின் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்த இத்தனை வருடங்களில், "நல்லா ஓடுதும்மா" என்று சொல்ல ஒருத்தர்கூட எனக்குப் போன் செய்ததில்லை.

அதனால், எங்கள் மேலதிகாரி புத்தகப் பேச்சை எடுத்தபோது எனக்குக் கொட்டாவிதான் வந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உற்பத்தியை நிறுத்தாமல் தொழிற்சாலை மென்பொருளை மாற்றுவது எப்படி என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகம். விஷயம் என்னுடையது. பதிப்பாளர் அவருக்கு வேண்டியவர்.

"ரெண்டு வழிம்மா. அட்டையில நம்ம ரெண்டு பேர் பேரும் போடலாம். அப்புறம் மீட்டிங், மேடை, படிச்சவன் கேக்குற கேள்வி எல்லாத்துக்கும் நீயும் வரணும்லா. இல்லன்னா நீ எழுதிக் குடு, என் பேர்ல வரட்டும். காசு கையில, வேலை முடிஞ்சிச்சு. வெளிய மட்டும் சொல்லக்கூடாது. பேரு வேணுமா, நிம்மதி வேணுமா?"

"நிம்மதியே போதும்ணே," என்றேன். யோசிக்கக்கூட இல்லை. இன்னொரு இடத்தில் பெயரைப் போட்டு அங்கிருந்தும் போன் வரவா? ஆளை விட்டால் போதும் என்றிருந்தது. வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் தின்றுதான் அது முடிந்தது. அவர் எழுதியது முன்னுரை மட்டும். அதில் தன் பொறுமைசாலி மனைவிக்கு நன்றி சொல்லியிருந்தார்.

புத்தகம் நன்றாகப் போனது. அந்தப் பேரில் அவருக்குக் கோலாலம்பூரில் பெரிய வேலை கிடைத்தது. அவர் போன கொஞ்ச நாளில் எங்கள் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். குறைக்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. இந்த வயதில் யார் கூப்பிடுவார்கள்? கூப்பிட்டது பட்டர்வொர்த்தில் ஒரே ஓர் இடம். பெர்ரியில் கடலைத் தாண்டிப் போகும்போதே எனக்கு அலுப்பாக இருந்தது, ஆனால் அந்த வேலையை விட்டால் வேறு வழியில்லை.

நேர்காணல் செய்தவர் என்னைவிட ரொம்ப இளையவர், நம்ம தமிழ் ஆள். அவர் மேசையில் அந்தப் புத்தகம், பக்கங்களில் மஞ்சள் சீட்டுகள் ஒட்டி.

ஓடுகிற உற்பத்தி லைனில் எப்படி மாற்றம் செய்வீர்கள் என்று கேட்டார். முதலில் கடைசி மெஷினில் மட்டும் போடுவேன், ஒரு ஷிப்ட் முழுக்கப் பக்கத்திலேயே நிற்பேன், திரையைப் பார்க்கிறதைவிட ஆப்பரேட்டர் முகத்தைப் பார்ப்பேன் என்றேன். சிரித்தார். இன்னொன்று கேட்டார். அதற்கும் சொன்னேன். புத்தகத்தை மெல்ல என் பக்கம் திருப்பி வைத்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த புக்க நாங்க எல்லாருமே படிச்சிட்டோம்லா. நீங்க அப்படியே ஒப்பிக்கிறீங்க. உங்க சொந்த அனுபவத்துல ஏதாச்சும் சொல்லுங்களேன்."

எழுதியதே நான்தான் என்று வாய் வரைக்கும் வந்தது. போட்ட கையெழுத்து தடுத்தது. சரி, புத்தகத்தில் எழுதாத ஒன்றையாவது சொல்வோம் என்று எனக்குள் துழாவினேன். பாவி, ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"எனக்கு அவ்வளவுதான் தம்பி தெரியும்," என்றேன்.