கேடயத்தின் உள்பக்கம்

எங்கள் வீட்டு முன்னறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். கேடயம் இருக்கிறதே, வாள் எங்கே? நான் வாள் சேர்ப்பதில்லை. வாளைக் கண்டால் சாதுவான மனுஷனுக்கும் கை துறுதுறுக்கும். கேடயத்தைப் பார்த்து யாருக்கும் யாரையும் வெட்டத் தோன்றியதில்லை. பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இந்தக் கிறுக்கு எப்போது பிடித்தது என்று என் மனைவியைக் கேட்டால், முதல் சம்பளம் வாங்கிய அன்றைக்கு என்பாள்.

சுவரில் ஏழு கேடயங்கள் உண்டு. அவற்றில் எனக்கு உயிர், ஒரு எருமைத்தோல் கேடயம். விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு மில் தொழிலாளி வீட்டைப் பிரித்துக் கட்டும்போது பரணிலிருந்து வந்தது. ஒரு பெரிய தாம்பாளம் அளவு இருக்கும். கறுப்பு மெழுகு பூசி, முகப்பில் நான்கு பித்தளைக் குமிழ்கள். நடுவில் மூன்று வெட்டுத் தழும்புகள். உள்பக்கம் கை நுழைக்க இரண்டு தோல்வார்கள். விரல்கள் பிடிக்கிற இடத்தில் மட்டும் அந்த வார் கன்னங்கரேலென்று மினுங்கும். அந்த மினுக்கத்தைக் காட்டி, "இது வீரத்தின் மெருகு" என்று வருகிறவர்களிடம் ஒரு சின்னப் பிரசங்கமே வைப்பேன். தொட மட்டும் விடமாட்டேன். கை வேர்வை பட்டால் தோல் கெட்டுப்போகும்.

கேடயங்களை மாட்டுகிற இரும்புத் தாங்கிகளைச் செய்து கொடுப்பவர் பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். என் பிரசங்கத்துக்குக் கொட்டாவி விட்ட ஒரே ஆள் அவர்தான், அதனால் அவர்மேல் எனக்கு ஒரு தனிக் கோபம் உண்டு.

அவர் பட்டறை வாசலில் ஒரு கொலை நடந்தது. நட்ட நடுப்பகல், ஏதோ பழைய பகை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் அன்றைக்கென்று பார்த்து வெளியூர் போயிருந்ததாகச் சொல்லிவிட்டார்கள். இவர் ஒருவர்தான் பார்த்தேன் என்று சொன்னார். வழக்கு ஆடி அசைந்து விசாரணைக்கு வந்தபோது, சாட்சி சொல்ல நீ வந்து சேரமாட்டாய் என்று வெட்டியவர்கள் பக்கமிருந்து அவருக்குச் சேதி வந்தது. காவலுக்கு ஒரு போலீஸ்காரரைப் போட்டிருந்தார்கள். சூரசம்ஹார பந்தோபஸ்துக்கு அவரையும் திருச்செந்தூருக்கு அனுப்பிவிட்டார்கள். சாட்சி சொல்லும் நாள் அந்த வாரத்திலேயே விழுந்தது.

முந்தின நாள் சாயங்காலம் அவர் மழையில் நனைந்துகொண்டு வந்தார். உட்காரவில்லை. நேரே எருமைத்தோல் கேடயத்தின் முன்னால் போய் நின்றார். விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார்.

"அண்ணாச்சி, இது ஒரு வெட்டு தாங்குமா?"

எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். எந்தக் காலம், எந்தப் பாளையக்காரர், என்ன விலை போகும் என்றெல்லாம். இதை ஒருவரும் கேட்டதில்லை. எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன். பழைய தோல், உள்ளே உளுத்திருக்கலாம் என்றேன்.

"அன்னைக்கு வெட்டுப்பட்ட பய மொதல்ல பட்டறைக்குள்ளதான் ஓடிவந்தான். அங்கன கெடந்த தகரத்த எடுத்து முன்னால பிடிச்சான். மொத வெட்டுலயே மடங்கிட்டு அண்ணாச்சி. தெனமும் அதத்தான் பாக்குதேன்."

இரும்பில் அவரே ஒன்று அடித்துக்கொள்ளலாமே என்றேன். தாங்குகிற கனத்துக்கு அடித்தால் ஒற்றைக் கையால் தூக்க முடியாது என்றார். அதோடு அவர் பட்டறையில் எதை வெட்டினாலும் பொழுது சாய்வதற்குள் பேட்டை முழுக்கத் தெரிந்துவிடுமாம். அருவாளை எடுக்க மனம் வரவில்லை என்றார். "அருவா எடுத்தா நானும் அவனுவளும் ஒண்ணுதான. இத எடுத்தா யாரு கேஸ் போடுவா?"

அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்த கவலை அவரைப் பற்றியதல்ல. மழை ஈரத்தில் தோல் ஊறிவிடுமே, நான்காவதாக ஒரு வெட்டு விழுந்துவிடுமே என்பதுதான். நாசூக்காகத் தட்டிக் கழிப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்: "நான் இல்லாம அது இந்த வீட்டுப் படி தாண்டாது வே."

"அப்போ நீங்களும் வாங்க" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும். என் மனைவி அடுக்களை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருப்பேன். அவள் சொல்லவில்லை. மழைக்கோட்டை எடுத்து உதறி நாற்காலியில் போட்டாள்.

காலையில் கேடயத்தைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் பேட்டைக்குப் போனேன். அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, கேடயத்தை இடது கையில் மாட்டி, அவர் முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மேலே மழைக்கோட்டை இழுத்துப் போர்த்தினேன். வண்டி கிளம்பின பிறகுதான் என் முதுகுக்கு எதுவும் இல்லை என்பது உறைத்தது. தூறிக்கொண்டிருந்தது. டவுணைத் தாண்டும்போது ஒரு பைக் எங்களுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டது. இரண்டு பேர், ஓட்டுகிறவன் ஹெல்மெட் போட்டிருந்தான். நாங்கள் மெதுவாகப் போனால் அவர்களும் மெதுவாக வந்தார்கள். பையப் போகவேண்டாம், விரட்டும் வே என்று அவர் காதில் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் அந்த பைக் இடது பக்கமாக நெருங்கி வந்தது. பின்னால் இருந்தவன் கையை நீட்டினான். என் கை தானாக உயர்ந்தது. அது தைரியம் இல்லை, முகத்துக்கு நேரே வண்டு வந்தால் உயருமே அப்படி. கேடயம் அவர் கழுத்தை மறைத்து நின்றது. மழைக்கோட்டு நழுவி ரோட்டில் விழுந்தது.

"அண்ணாச்சி, சைடு ஸ்டாண்ட எடுங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் பறந்துவிட்டார்கள்.

அவர் காலால் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. வண்ணார்பேட்டை வரைக்கும் நான் கேடயத்தைக் கீழே இறக்கவில்லை.

கோர்ட் வாசலில் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். பித்தளைக் குமிழ்களுக்குச் சோதனைக் கருவி கூவியது. ஆயுதமா என்று கேட்டார் வாசலில் நின்றவர். ஆயுதம் இல்லை, கேடயம் என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னவாக இருந்தாலும் உள்ளே விட முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கட்டைப்பைக்குள் வைத்தபடியே அதை மறுபடி கையில் மாட்டிக்கொண்டேன்.

எதிரே டீக்கடையில் நான்கைந்து பேர் டீ குடிக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கும் கோர்ட் படிக்கும் நடுவில் திறந்த மைதானம். நாளைக்குத் தவணை கேட்டுப் பார்ப்போமா வே என்று கேட்டேன். அவர் தன் வெறுங்கைகளைப் பார்த்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார். "இங்கனயே நில்லுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு நடந்தார். ஓடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மைதானத்தை நான் பார்த்ததில்லை.

அவர் படியேறி மறைந்த பிறகும் நான் கேடயத்தைக் கையிலிருந்து கழற்றவில்லை. கட்டைப்பைக்குள் விட்ட கையோடு வாசலோரத்து வேப்பமரத்தடியிலேயே நின்றேன். டீக்கடையிலிருந்து யார் எழுந்தாலும் பிடி இறுகியது. பயந்தேன். சொல்ல என்ன வெட்கம், குலைநடுங்கப் பயந்தேன்.

சாப்பாட்டு நேரம் தாண்டி அவர் வெளியே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "சொல்லிட்டேன்" என்றார். தகரத்தைப் பற்றியும் சொன்னாராம். அதை எழுதிக்கொண்டார்களாம். கேடயத்தைக் கொஞ்ச நாள் அவரே வைத்துக்கொள்ளட்டும் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அவர் வாங்கவில்லை. "வாய மூடத்தான வெட்டணும்னாவ? அதான் சொல்லியாச்சுல்லா" என்றார். அப்படி அவர்கள் நினைக்க வேண்டுமே என்று எனக்குப் பயம்தான். தீர்ப்பு இன்னும் வரவில்லை. அவர் தினமும் பட்டறையைத் திறக்கிறார்.

வீட்டுக்கு வந்து கேடயத்தைக் கழற்றியபோது விரல்கள் விரிய மறுத்தன. மனைவிதான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். உள்பக்கத்து வார் தண்ணீரில் போட்டு எடுத்ததுபோல் நனைந்திருந்தது. முகப்பில் விழுந்த மழை அங்கே வர வழியில்லை. அது என் வேர்வை. விளக்கடியில் திருப்பிப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாக நான் ஊருக்கெல்லாம் காட்டிய அந்தக் கறுப்பு மினுக்கத்தின் மேலேயே, கொஞ்சமும் விலகாமல், என் நான்கு விரல்களின் ஈரம் பதிந்திருந்தது. எனக்கு முன்னால் அதைப் பிடித்தவர்களும் இப்படித்தான் பிடித்திருக்கிறார்கள்.

மனைவி துடைக்கத் துணி கொண்டுவந்தாள். வேண்டாம், அப்படியே காயட்டும் என்றேன்.