சுழிக்குள் நின்றவள்

செத்தவர்களைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். எங்கள் ஸ்டூடியோ முதலாளி செத்துப் பல காலம். இருந்தாலும் நான் சொல்லத்தான் போகிறேன்.

திருகோணமலைப் பட்டினத்தில் அவருடைய ஸ்டூடியோவில் நெகட்டிவுக்கு டச்சிங் செய்வது என் வேலை. கல்யாணப் பெண்களின் முகப்பருக்களைப் பென்சில் முனையால் மறைத்து மறைத்தே என் கண் கெட்டது. கமரா என் கைக்கு வந்தது துறைக்கு அக்கரையில் இருக்கும் கிண்ணியா ஊர்க்காரரால். அங்கே மணப்பெண் இருக்கும் அறைக்குள் ஆண்களை விடமாட்டார்கள். அதனால் முதலாளி முற்றத்தில் நின்று மாப்பிள்ளையை எடுப்பார், உள்ளே நான் பெண்ணை எடுப்பேன். கண்ணில் வைத்துப் பார்க்கிற கமரா அல்ல அது. வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலேயிருந்து குனிந்து பார்க்கிற பெட்டி.

சாப்பிடுகிற பாணுக்கே வரிசையில் நின்ற காலம். படச்சுருள் அதைவிட அருமை. ஆனாலும் கல்யாணச் சுருளை அன்றைக்கே கழுவ வேண்டும் என்பதால் கடைசியில் ஒன்றிரண்டு படம் மிஞ்சி வீணாகும். வீணாவதை நான் எடுத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது பாதையில், அதாவது வண்டிகளையும் ஆட்களையும் அக்கரைக்கு ஏற்றிப் போகும் அந்த மிதவையில், ஓரமாக நின்று தண்ணீரை எடுப்பேன். கடல் வற்றி நீர் வெளியே இழுக்கும் நேரத்தில் துறை முழுக்கச் சுழி. தோசைக்கல்லில் அகப்பை மாவைச் சுற்றுவது போல நுரை வட்டம் வட்டமாக விரியும், ஒன்றை ஒன்று விழுங்கும். ஒரு சுழி போல இன்னொன்று வந்ததே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நான் யாருக்கும் வேலைக்காரி இல்லை.

ஒருநாள் காலையில் ஸ்டூடியோக் கண்ணாடிப் பெட்டிக்குள் என் சுழி பெரிதாகத் தொங்கியது. மூலையில் வெள்ளை மையில் முதலாளியின் பெயர்.

“இது நான் எடுத்ததெல்லோ?” என்றேன்.

முதலாளி படம் எடுக்க வந்திருந்த ஆட்களைப் பார்த்துச் சிரித்தார். “கமரா என்ர. பிலிம் என்ர. கழுவின மருந்து என்ர. தண்ணி கடலின்ர. இதிலை உன்ர என்ன கிடக்கு, பிள்ளை?”

அவர்களும் சிரித்தார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நினைத்துக்கொண்டு மேசைக்குப் போய்ப் பென்சிலைச் சீவினேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் கஞ்சி ஆறவேயில்லை.

உப்புவெளிக் கடற்கரையில் புதிதாக விடுதி கட்டிய ஒருவர் அந்தப் படத்தைக் கண்ணாடிப் பெட்டியில் கண்டுவிட்டு, சாப்பாட்டு மண்டபத்துக்கு அதுபோல ஆறு படம் வேண்டும் என்றார். முதலாளிக்குச் சுழி எடுக்கத் தெரியாது. முழுச் சுருள் ஒன்றை என் கையில் தந்து, “போய் எடுத்திட்டு வா” என்றார்.

“என்ர பேரைப் போடுவீங்களோ?”

“விசர்க்கதை கதையாதை.”

மழை பெய்து ஆற்று வெள்ளம் கலந்து தண்ணீர் மண்ணிறமாகக் கிடந்தது. தெளிந்த தண்ணீரில் நிழல் நிற்காது, கலங்கலில் நிலத்தில் விழுவது போல விழும். வெயில் சாயும்வரை பொறுத்திருந்தேன். வேலைக்கு எப்போதும் கொண்டை போடுகிற நான் அன்று தலைமயிரை அவிழ்த்து விட்டேன். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒவ்வொரு சுழியின் நடுவிலும் என் நிழலை விழுத்தி எடுத்தேன். மூலையில் விழுந்தால் வெட்டிவிடுவார், நடுவில் விழுந்தால் என்ன செய்வார்? பார்க்கிறவர்கள் யார் இந்தப் பெண் என்று கேட்பார்கள், அவர் என்னைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அதுதான் என் கணக்கு.

படத்தைக் கண்டதும் முதலாளி குதித்தார். நிழலை டச்சிங்கில் எடுத்துவிடச் சொன்னார்.

“பருவெண்டால் மறைக்கலாம், முதலாளி. தண்ணியைப் பென்சிலாலை கீற ஏலாது.”

பட்டினத்தில் வேறு சுருள் இல்லை, விடுதி திறக்கிற நாளும் வந்துவிட்டது. விடுதிக்காரரோ அந்த நிழலில் மயங்கிப்போனார். ஆறு படமும் சுவருக்கு ஏறின, ஆறிலும் முதலாளியின் பெயர். என் நிழலையும் அவர் விற்றுவிட்டார் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது.

திறப்பு விழாவுக்கு முதலாளியின் மனைவியும் வந்திருந்தார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எல்லோருக்கும் சோடா கொடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

“இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு, தலைமயிரை விரிச்சுப் போட்டுக்கொண்டு நிக்கிறாளே, இவள் ஆர்?”

கமராவை வயிற்றோடு பிடித்த என் இரண்டு முழங்கைகள்தான் அவருக்கு அப்படித் தெரிந்தன. நான் இதை எதிர்பார்க்கவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

“கரையிலை ஆரோ நிண்டவ” என்றார் முதலாளி.

“ஆறு படத்திலையுமோ?”

மண்டபத்தில் எல்லோரும் திரும்பினார்கள். இந்தப் பிள்ளைதான் எடுத்தது என்று முதலாளி ஒரு வசனம் சொன்னால் போதும். என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், வேண்டிய நேரம் கொடுத்தேன். அவர் சொல்லவில்லை. ஒரு பெண் எடுத்த படத்துக்குப் பெயர் போட்டவன் என்பதைவிட, பெண்பிள்ளைகளோடு திரிகிறவன் என்பது அவருக்குக் கௌரவமாகப் பட்டிருக்க வேண்டும்.

அக்கா என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு பிள்ளை, ஆர் இவள்?”

“எனக்கென்ன தெரியும் அக்கா? படம் முதலாளி எடுத்தது. கீழை பேர் கிடக்கு, பாருங்கோ.”

அக்கா ஒவ்வொரு படமாகப் போய்ப் பெயரை வாசித்தார். பிறகு தனியே வெளியே போய்விட்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் சோடா குடித்ததில்லை.

அடுத்தநாள் முதலாளி சவரம் செய்யாத முகத்தோடு என் மேசைக்கு வந்தார். “வீட்டை வந்து அவளுக்கு ஒருக்காச் சொல்லு, பிள்ளை. படம் நீ எடுத்தது எண்டு.”

“என்ன சொன்னீங்கள்? விளங்கேல்லை.”

“படம் நீ எடுத்தது.”

இன்னொரு முறையும் சொல்ல வைத்தேன். வெளியே ஆட்கள் இருந்தார்கள், கேட்டிருப்பார்கள்.

“ஓம், சொல்லுறன்” என்றேன். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பாலையூற்றில் இருந்த என் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டுப் பக்கம் நான் போகவேயில்லை.