பூசை முடிந்து போட்ட மாத்திரை

எழுபத்துநாலு வயதில், மருமகளுக்கு முன்னால் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். மாத்திரையை விழுங்கினேனா, கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருக்கிறேனா என்று அவள் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாலு மாதம். இதை எழுதும்போதும் எனக்குக் காதெல்லாம் சூடாகிறது.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. கடைக்குப் போனால்கூட மற்றவர்கள் எல்லாம் வாங்கிப் போன பிறகுதான் எனக்கு வேண்டியதைக் கேட்பேன். என் வீட்டுக்காரர் தோணியில் சரக்கேற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்தவர். அவர் இருந்தவரை வெளியாட்களிடம் பேசுவதெல்லாம் அவர் பாடு. அவர் போன பிறகு மில்லர்புரத்தில் மகன் வீட்டுக்கு வந்தேன். பேசுகிற பாடு மகனுக்குப் போனது.

இங்கு வந்த பிறகு உடம்பு ஊதிப்போனது. முடி கொத்துக்கொத்தாகக் கழன்றது. சித்திரை வெயிலிலும் குளிருகிறது என்று போர்த்திக்கொண்டு கிடந்தேன். இரத்தம் எடுத்துப் பார்த்து தைராய்டு என்றார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர். கழுத்தைத் தொட்டுப் பார்த்தது என்னை, பேசியதெல்லாம் மகனிடம். அதிலும் பாதிக்குமேல் ஆங்கிலம். வெளியே வந்ததும் மகன் எனக்குச் சொன்னது ஒரே வரிதான்.

"வெறும் வயித்துல போடணுமாம்மா."

வெறும் வயிறு எனக்கா தெரியாது? புதுநன்மை வாங்கின எட்டு வயதிலிருந்து, காலைப் பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்குவதற்கு முன்னால் பச்சைத் தண்ணீர்கூட என் தொண்டையில் இறங்கினதில்லை. பல் விளக்கும்போது ஒரு வாய் உள்ளே போய்விட்டாலும் அன்றைக்கு நன்மை கிடையாது என்று எங்கள் கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்தார். அப்படியிருக்க பூசைக்கு முன்னால் மாத்திரை போட எனக்கு எப்படி மனம் வரும்? ஐந்தரைப் பூசைக்குப் போய், நன்மை வாங்கி, ஆறரைக்கு வீடு திரும்பியதும் போடுவேன். வயிறு காலிதானே. அதே தண்ணீரோடு மூட்டுவலிக்குக் கொடுத்த கால்சியம் மாத்திரையும். அதற்குள் மருமகள் பால் டீயோடு வந்து நிற்பாள். ஒருநாள் தவறவில்லை.

மாத்திரைக்குப் பிறகும் ஒரு மணி நேரம் வயிற்றைச் சும்மா விட வேண்டும், கால்சியத்தை நாலு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ஆங்கிலப் பாதியில் அது இருந்ததோ என்னவோ.

இரண்டு மாதம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்த்தால் நோய் குறையவில்லை. எழுபத்தைந்து மைக்ரோகிராம் மாத்திரையை நூறாக்கினார் டாக்டர். மறுபடியும் குறையவில்லை. நூற்றிருபத்தைந்து எழுதிக்கொண்டே மகனைப் பார்த்து, "பாட்டி ஒழுங்கா போடறாங்களா?" என்றார். நான் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகன் மிச்சமிருந்த மாத்திரைகளைத் தட்டில் கொட்டி எண்ணினான். எண்ணிக்கை சரியாக இருந்தது. அத்தோடு விட்டானா?

"ஏம்மா, நீ தின்னியா, வாஷ்பேசினுக்குக் குடுத்தியா? சாக்கடைத் தண்ணி கடல்லல்லா சேருது. மீனுக்கெல்லாம் தைராய்டு சரியாயிரும் போல" என்றான்.

மருமகள் சிரித்தாள். "நான் போட்டுக்கிட்டுத்தாம்லே இருக்கேன்" என்றேன். அது யார் காதிலும் ஏறவில்லை. மறுநாளிலிருந்துதான், "மாமி, ஆ காட்டுங்க."

டோஸ் ஏறியது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் வளர்த்த பிள்ளை என்னைப் பொய்க்காரி என்று நினைத்துவிட்டானே, அதுதான் ஆறவில்லை. போட்டேன் என்று நான் சொன்னால் போட்டேன்தான். அதை அவன் நம்ப வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் மருமகள் போனில் எதையோ பார்த்துவிட்டு வந்தாள். "மாமி, மொத்தமாப் போட்டா ஒடம்புல ஒட்டாதாம். காலையில பாதி, சாயங்காலம் பாதியாம். ஒரு அம்மா வெளக்கமா சொல்லுதா." வெங்காயம் நறுக்குகிற கத்தியை வைத்து அமுக்கினாள். மிளகு அளவு மாத்திரை, அதில் பாதி தெறித்து அடுப்புக்கு அடியில் ஓடியது. மீதி தூளானது. தூளை ஈர விரலால் ஒற்றி நாக்கில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். மறுநாளிலிருந்து சாயங்காலப் பாதி வடைக்கும் டீக்கும் நடுவில் உள்ளே போனது. போனில் பேசின அம்மாவை நம்பினார்கள். வீட்டில் இருந்த அம்மாவை நம்பவில்லை.

கால் வீங்கியது. கோயில் படி ஏறினால் மூச்சு வாங்கியது. மறுபடியும் இரத்தம் எடுக்கப் போனோம். மகன் வண்டியை நிறுத்தப் போயிருந்தான். ஊசி குத்துகிற பெண், மணப்பாட்டுக்காரி, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"பாட்டி, மாத்திர எத்தன மணிக்குப் போடுவிய?"

"பூச முடிஞ்சு வந்து."

"அப்புறம் டீ எப்பம்?"

"அப்பமே. கால்சியமும் அப்பமே."

"ஐயோ பாட்டி! டீயும் கால்சியமும் சேந்து மாத்திரைய இடிச்சித் தள்ளிரும்லா. அது எங்கன ஒடம்புல சேரும்? பூசைக்கு முன்னாலயே போட்டா என்ன?"

"நன்ம வாங்கணுமே பிள்ள."

"மருந்துக்கும் தண்ணிக்கும் ஒருசந்தி விரதம் முறியாது பாட்டி. எங்க சாமியார் பிரசங்கத்துலயே சொல்லிருக்காவ. ஒங்க ஊருல சொல்லும்போது தூங்கிட்டியளோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே ஆத்திரம். இத்தனை மாதத்தில் எத்தனை மணிக்குப் போடுகிறாய் என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். அரை நிமிடம் ஆகவில்லை கேட்க.

டாக்டர் இரத்தச் சோதனைத் தாளைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார், "நூத்தம்பது ஆக்கிடலாம்" என்று மகனிடம் சொன்னார். மகன் தலையாட்டினான்.

"ஏத்தாதீங்க" என்றேன்.

"அம்மா, சும்மா இரு" என்றான் மகன்.

சும்மா இருக்கவில்லை. பூசை, டீ, கால்சியம், கத்தி, வடை, எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏன் பாட்டி, இதை முன்னாடியே சொல்லலை?"

"நீங்க எங்கிட்ட கேக்கலையே ஐயா. இவன்கிட்டல்லா கேட்டிய."

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். தமிழில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஏற்ற வேண்டாம். முழுதாக உடம்பில் சேர ஆரம்பித்தால் நூற்றிருபத்தைந்தே படபடப்பைக் கொடுத்துவிடும், அதனால் பழைய எழுபத்தைந்துக்கே போவோம். உடைக்க வேண்டாம், காலையில் ஒரே மாத்திரை, வெறும் தண்ணீரில். ஒரு மணி நேரம் கழித்து டீ. கால்சியம் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு. ஆறு வாரம் கழித்து இரத்தம் எடுப்போம்.

நாலரைக்கு எழுந்து போட ஆரம்பித்தேன். முதல் நாள் அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது சிலுவை போட்டுக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்து மகன் தாளை ஆட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தான். நான் முற்றத்தில் சாளை கழுவிக்கொண்டிருந்தேன்.

"பாத்தியாம்மா, ஒழுங்காப் போட்டதும் சரியாயிட்டு!"

கையில் இருந்த மீனைச் சட்டியில் போட்டேன்.

"ஏலே, அப்பவும் ஒழுங்காத்தாம்லே போட்டேன்."

"சரி சரி, விடும்மா."

"விட மாட்டேன். ஒரு நாளாவது எங்கிட்ட கேட்டியா? ஒம் பொண்டாட்டி மாமியா வாய்க்குள்ள லைட்டடிச்சுப் பாக்காளேன்னு ஒனக்கு வெக்கமா இல்ல?"

உள்ளே பாத்திரம் விளக்குகிற சத்தம் நின்றது. மகன் தாளை மடித்தான், விரித்தான், மறுபடியும் மடித்தான்.

"நீ போட்டுக்கிட்டுத்தாம்மா இருந்திருக்க" என்றான், மீனிடம் சொல்வதுபோல.

மருமகளுக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.