எந்தத் தோளில் வைப்பது

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள் சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள். அதே வீட்டு ஆண்கள், அதாவது என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனான என் மூத்தாரும், ஒரு துப்பாக்கி வாங்க மார்கழி முழுக்கப் பேசினார்கள், தை பிறந்தும் பேசினார்கள். புதுசா, பழசா என்பதுதான் கேள்வி. அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

துப்பாக்கி எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரகடத்தில் இன்றைக்குக் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கிற பக்கம் அப்போது முட்புதர்க் காடு. அதை ஒட்டி எங்கள் நிலம். மல்லாட்டை போடுவோம், வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. காய் பிடிக்கிற வரைக்கும் காட்டுப் பன்றிகள் எட்டிக்கூடப் பார்க்காது. காய் முற்றத் தொடங்கியதும் குட்டி குடும்பத்தோடு வந்து, ஏர் ஓட்டியதுபோல் நிலத்தைப் புரட்டிவிட்டுப் போகும். முந்தின வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்தது வெறும் கொடிதான். அது மாட்டுக்கு ஆயிற்று.

அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக்காரர் சொன்னார்: “இன்னொரு வாட்டி இதுங்க தின்னுச்சின்னா நெலத்த அண்ணங்கிட்ட உட்டுட்டு மெட்ராஸ் போய்டலாம்மே. அம்பத்தூர்ல ஃபேக்டரிக்கு ஆள் எடுக்கறாங்களாம்.”

எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. என் அக்காவைப் பட்டணத்தில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரே அறை, அதற்குள்ளேயே அடுப்பு, தண்ணீருக்குத் தினம் ஒரு சண்டை. இங்கே நிலத்தில் பாதி என் உழைப்பு. போயும் போயும் பன்றிக்குப் பயந்து ஊரை விட்டுப் போவதா என்று ஆத்திரமாக வந்தது. மணியக்காரரைப் பார், தாலுகா ஆபீசுக்கு நட என்று விரட்டி, பயிர்க் காவலுக்கென்று அவரை லைசென்ஸ் வாங்க வைத்ததே நான்தான். லைசென்ஸ் வந்தது. இனி ஒரு துப்பாக்கியை வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். என் புத்தியை என்னவென்று சொல்ல.

இந்த இடத்தில் அவருடைய கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்கு இடது கைதான் கை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அதைப் பின்னால் கட்டிப் போட்டார்களாம். வீட்டில் அண்ணன் “பீச்சாங்கையா” என்று கூப்பிட, பிறகு ஊரே அப்படிக் கூப்பிட்டது. மீசை முளைத்தபின் இரண்டு பேரை அடித்து அந்தப் பெயரை நிறுத்தினார். அதிலிருந்து நாலு பேர் எதிரில் எல்லாமே வலது கைதான். கழனியில் தனியாக இருந்தால் மண்வெட்டி இடது பக்கம் வீசும். வரப்பில் ஓர் ஆள் தலை தெரிந்தால் கை மாறிவிடும். கல்யாணமான புதிதில் கஞ்சி கொண்டுபோன நான், தூரத்திலிருந்து பார்த்துவிட்டு யாரோ வேற்றாள் வெட்டுகிறான் என்று திரும்பி வந்திருக்கிறேன். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சு எழுந்ததில்லை.

பழைய துப்பாக்கி வாலாஜாபாத்தில் இருந்தது. ஒரு ரைஸ்மில்காரர் ஏற்காட்டுத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடமிருந்து வாங்கி வைத்திருந்தது. கண்ணில் புரை விழுந்துவிட்டதால் விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். மூத்தார் முன்னால், அவர் நடுவில், நான் பின்னால். அமெரிக்காவில் செய்ததாம். மரம் கறுத்து, குழல் நிறம் மாறி இருந்தது. விசைக்குக் கீழே ஓர் இரும்பு வளையம். விரல்களை அதற்குள் விட்டுக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறும்.

“தோள்லேர்ந்து எறக்கவே வேணாம். இஸ்துகினே சுடலாம்,” என்றார் மில்காரர்.

என் வீட்டுக்காரர் வாங்கி வலது தோளில் வைத்துப் பார்த்தார். மூத்தார் விலை பேச மில்காரரை அந்தண்டை அழைத்துப் போனார். அவர்கள் முதுகைக் காட்டியதும் துப்பாக்கி இடது தோளுக்கு மாறியது. கன்னம் மரத்தில் படிந்தது. வளையம் கீழே போய் மேலே வந்தது. அந்தக் கருவிக்கு இடதும் ஒன்று, வலதும் ஒன்று. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நெல் விளைந்தபோதுகூட நான் அதைப் பார்த்ததில்லை. மூத்தார் திரும்பினார். துப்பாக்கி கீழே இறங்கிவிட்டது.

“பழசு,” என்றார் மூத்தார், பஸ்ஸில் ஏறியதும். “எத்தினி கை மாறிச்சோ. இன்னா பாவம் பண்ணிச்சோ. புதுசு பாக்கலாம்டா.”

புதுசு மவுண்ட் ரோடு கடையில் இருந்தது. சர்க்கார் தொழிற்சாலையில் செய்தது. எண்ணெய் வாசனை போகாமல் பளபளவென்று இருந்தது. அதில் வளையம் இல்லை. வலது பக்கம் கதவுத் தாழ்ப்பாள்போல ஒரு பிடி. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் அதைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மடக்க வேண்டும். வலது கைக்காரருக்கு அது சுலபம்தான். இவர் வலது தோளில் வைத்துக்கொண்டு, இடது கண்ணால் குறி பார்ப்பதற்காகக் கழுத்தைக் கோழிபோல வளைத்தார். குழல் முனை ஆடியது. கடைக்காரர் மரியாதையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சூப்பரா கீது,” என்றார் மூத்தார்.

என் வீட்டுக்காரர், “இன்னும் யோசிக்கலாம்ணா,” என்றார்.

யோசித்தார்கள். தினமும் சாயங்காலம் என் வீட்டில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்து யோசித்தார்கள். பழைய ரகத்துக்குத் தோட்டா எப்போதாவதுதான் வரும் என்று கடைக்காரர் சொன்னதை மூத்தார் பிடித்துக்கொண்டார். அது நியாயமான பேச்சுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இவர் அதற்குச் சொன்ன பதில்கள் இருக்கின்றனவே. “மரம் நல்ல மரம்ணா.” “எடை கம்மிணா.” “அமெரிக்கா சாமான்ணா.” உண்மையான காரணம் ஒன்று இருக்க, அதை விட்டுவிட்டு ஊரில் இருக்கிற காரணத்தையெல்லாம் சொன்னார். டீக்கடையிலும் இதே பேச்சு. ஜென்மத்தில் துப்பாக்கியைத் தொடாதவன் எல்லாம் குழலின் நீளத்தைப் பற்றி அபிப்பிராயம் சொன்னான். இதற்கிடையில் எங்கள் மல்லாட்டை பூத்து, விழுது இறங்கி, காய் பிடிக்கத் தொடங்கியது. கிழக்கு வரப்போரம் பன்றி மூக்கை விட்டுப் பார்த்த தடமும் தெரிந்தது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். “இன்னாத்துக்கு இந்த வெக்கம்? கை இதுதான்னு அண்ணங்கிட்ட சொன்னா இன்னா?”

“நீ சும்மா கெட.”

“புதுசு வாங்கி வெச்சிகினு ஆகாசத்த சுடப் போறீங்களா?”

சொம்பை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

மில்காரர் ஆள் அனுப்பினார். செங்கல்பட்டுக்காரர் ஒருவர் கேட்கிறார், வேண்டுமா வேண்டாமா என்று இன்றைக்குச் சொல்லிவிடுங்கள் என்று. மறுபடியும் மூவரும் போனோம். மில் ஓடிக்கொண்டிருந்தது. தவிட்டுத் தூசியில் நின்றபடி மூத்தார் சொன்னார்: “வேணாங்க. நாங்க புதுசே வாங்கிக்கறோம்.” என் வீட்டுக்காரர் தலையாட்டினார். தலையாட்டினார் என்றால், நாளைக்குப் பன்றி தின்னப்போகிற காய்க்கும், நாங்கள் போகப்போகிற அம்பத்தூர் அறைக்கும் சேர்த்துத் தலையாட்டினார். எனக்கு அதுதான் தெரிந்தது.

அதுவரைக்கும் நான் மூத்தார் எதிரில் நின்று பேசியதில்லை. எங்கள் பக்கம் அது வழக்கமும் இல்லை. அன்றைக்குப் பேசினேன்.

“இன்னாங்க, அத்த எடுத்து பீச்சாங்கைத் தோள்ல வெச்சிக் காட்டுங்க.”

மூத்தாருக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். “அட, இன்னும் அந்தப் பீச்சாங்கை உடலியா உன்ன?”

“உடல மாமா. சோத்தாங்கையில அவருக்குச் சோறு தின்ன மட்டுந்தான் வரும். மத்தபடி உங்களுக்குப் பயந்துகினு நடிக்கிறாரு. சர்க்காரே கைநாட்டுன்னா எடது கட்டவெரலத்தான் கேக்குது. அதுக்கு இல்லாத அசிங்கம் நமக்கு இன்னா?”

மில்காரர் தொண்டையைக் கனைத்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் மெல்லக் குனிந்து துப்பாக்கியை எடுத்தார். இடது தோளில் வைத்து, மில் புகைபோக்கியின் நுனியைக் குறி பார்த்தார். வளையத்தை இழுத்தார், மறுபடி இழுத்தார். மவுண்ட் ரோட்டில் ஆடிய குழல் முனை இங்கே ஆடவில்லை. மூத்தாரின் சிரிப்பு நின்றுவிட்டது.

“இவருக்குன்னே செஞ்ச மாதிரி கீதே,” என்றார் மில்காரர். அவருக்கு அரைக் கண்தான் தெரியும்.

பழசையே பேசி முடித்தார்கள். வரும் வழியெல்லாம் அவர் என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், துப்பாக்கி வந்ததே என்று இருந்தேன். லைசென்ஸில் ஏற்றி அதைக் கையில் வாங்குவதற்குள் மாசி பிறந்துவிட்டது. காய் முற்றிக்கொண்டிருந்தது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைவதற்குச் சரியான நேரம் அதுதான் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எலெக்‌ஷன் வந்தது. ஊரில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் எலெக்‌ஷன் முடிகிற வரைக்கும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று தலையாரி வந்து சொல்லிவிட்டுப் போனான். இரண்டு மாதம் சண்டை போட்டு வாங்கிய சாமானை, ஒரு தோட்டாகூடச் சுடாமல் துணியில் சுற்றி, ஸ்ரீபெரும்புதூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்குத்தான் என்னோடு பேசினார். “பன்னிக்கு ஓட்டு இல்லியேன்னு பாக்கறேன்,” என்றார். எனக்கு அழுகைதான் வந்தது.

வேறு வழியில்லாமல் பரண் கட்டினோம். நான் தகரம் தட்டினேன். அவர் கவணும் கல்லுமாகப் பொழுது சாய்ந்ததும் மேலே ஏறினார். சில நாள் கழித்து, நன்றாக விடிந்த பிறகு மூத்தார் வந்தார். நிலம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கத்தான் வந்திருப்பார். அவர் வந்து நின்ற நேரம், புதரிலிருந்து ஒரு பெரிய ஆண் பன்றி, பின்னாலேயே மற்றவை, பட்டப்பகலில் எங்கள் வரப்பில் ஏறின. பரணில் இவர் எழுந்து நின்றார். கவண் வலது கையில் இருந்தது. அண்ணனைப் பார்த்தார். நான் தகரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தட்டாமல் நின்றேன்.

கவண் கை மாறியது. இடது தோள் சுழன்றது. கல் பன்றியின் மூக்கிலேயே பட்டது. அது கத்திய கத்தலில் கூட்டம் மொத்தமும் திரும்பிப் புதருக்குள் விழுந்து ஓடியது. அடுத்த கல்லும் அதே கையிலிருந்துதான் போனது, அதற்கடுத்ததும். மூத்தார் குனிந்து வரப்பில் கிடந்த கற்களைப் பொறுக்கித் துண்டில் போட்டுப் பரணுக்கு நீட்டினார்.

கிழக்கு ஓரம் போயிற்று. மற்றது வீடு வந்து சேர்ந்தது. களத்தில் காய் குவிந்து கிடந்ததைப் பார்த்தபின்தான் எனக்கு மூச்சே வந்தது.

எலெக்‌ஷன் முடிந்து பங்குனியில் துப்பாக்கியைத் திரும்ப வாங்கப் போனோம். ஏட்டு ரிஜிஸ்தரைத் தள்ளினார். இவர் பேனாவை இடது கையில் எடுத்தார்.

“சோத்தாங்கையில போடுய்யா,” என்றார் ஏட்டு.

“இதாங்க சோத்தாங்கை,” என்று சொல்லிவிட்டுப் போட்டார். எழுத்து கோணல்தான், ஆனால் நிதானமாகப் போட்டார்.

பஸ் ஸ்டாண்டில் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவரிடம், இதுதான் சமயம் என்று கேட்டேன். “மெட்ராஸுக்குப் போறதா சொல்லிகினு இருந்தீங்களே, அது இன்னாச்சு?”

“யாரு போறது? இவ்ளோ பாடுபட்டு இத்த வாங்கிட்டு, ஒரு பன்னியகூடச் சுடாம எப்டி போறது?”

இரண்டு மாதம் நான் தொண்டை வறளப் பேசியதற்குக் கிடைத்த பதில் அது. கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எங்கள் ஊர் வழியாகப் போகிற வாலாஜாபாத் பஸ் வந்தது. ஏறுவதற்கு அவர் எனக்குக் கை கொடுத்தார், இடது கையை. நாலு பேர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.